அந்தத் தம்பியிட்டைச் சொல்லு

மச்சான்,

பக்கத்து வீட்டுக்காரன் பின்வளவில் கோழி வாட்டுகிறான். நான் பிக்கரிங்குக்கு வந்த நாளிலிருந்து அவனுடைய அடுப்பிலிருந்து எத்தனையோ வாசம் வந்திருக்கிறது. யன்னலைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இன்றைக்கு வந்தது வினாகிரி வாசம். வினாகிரியும் உப்பும் எண்ணெயும் கலந்து, தணலுக்கு மேலே கிடக்கிற கோழியில் தெளிக்கும்போது கண்ணைக் கரித்துக்கொண்டு ஒரு புகை எழும்புமே, அது. கனடா எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்கச் சின்ன ஊர் ஒன்றின் தீயணைப்பு நிலையத்தில்தான் உனக்கும் எனக்கும் அந்தப் புகை பழக்கம். எழும்பி வேலியோரம் போய் நின்றேன். ஒரு துண்டு வேண்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

உனக்கு ஒரு செய்தி. உன்னுடைய ஆள் போன கிழமை செத்துப்போனார். முப்பது வருடத்துக்கு மேல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த மனிதர் அல்லவா, கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். தொலைக்காட்சியில் ஊர்ச்சனம் வரிசையாக வந்து அழுதது. ஒரு பெண்மணி, "என்னை எங்கே கண்டாலும் முதலில் என் அம்மாவைத்தான் கேட்பார்" என்றாள். நான் ஒலியைக் குறைத்துவிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாம் அவரைப் பெயர் சொல்லிக் கதைத்ததே இல்லை. எனக்கு அவர் "உன்ரை ஆள்". உன் அம்மாவுக்கு "அந்தத் தம்பி".

ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனுக்குப் போய் உன் தங்கச்சியிடமும் சொன்னேன். இப்போது அவள் அங்கே மகனோடு இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடந்த கதையை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் நீ குறுக்கே விழுவாய். "நீ கதையை வாலிலை பிடிச்சு இழுக்கிறனி" என்று என்னை எத்தனை தரம் திட்டியிருக்கிறாய். ஆகவே தலையிலிருந்து வருகிறேன்.

ஊரில் சண்டை என்று ஓடிவந்த நம்மைக் கனடா உடனே உள்ளே விடவில்லை. எல்லைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அதுவரைக்கும் அமெரிக்கப் பக்கத்திலேயே கிடவுங்கள் என்று திருப்பிவிட்ட காலம். ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் மடக்குக் கட்டில்களில் கிடந்தோம். காலையில் பாண், மத்தியானம் தகரத்திலிருந்து எடுத்த அவரைக்கொட்டை, பின்னேரம் மறுபடி பாண். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்து அம்மா ஒருவர் வந்து எல்லோரையும் எழுப்பினார். இன்றைக்கு அன்னையர் தினம், இந்த ஊரில் இன்றைக்குத் தாய்மார் அடுப்படிக்குப் போகக்கூடாது, தீயணைப்புக்காரர்கள்தான் சமைப்பார்கள், வாருங்கள் என்றார். போனோம். நிலையத்துக்குப் பின்னால் சீமெந்துக் கல்லை அடுக்கி நீளமாகத் தணல் போட்டிருந்தார்கள். பெரிய மீசைக்காரர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோழியைப் பாதி பாதியாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்ட பிறகு உப்பும் புளிப்புமாக நம் வாயில் பட்ட முதல் சாப்பாடு அது.

வரிசை முடிகிற இடத்தில் ஒரு இளந்தாரி கைச்சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டு நின்றார். நான் அவரையும் சமையற்காரன் என்றுதான் நினைத்தேன். அவர்தான் அந்தத் தொகுதியில் முதல்முறை வென்று வந்த ஆள். வருகிறவர்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "ஃபைன், சேர். தாங்க் யூ. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்" என்று நீ இங்கிலிஷில் சொன்னாய். "நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்றார். அடுத்தது நான். என்னிடமும் அதே கேள்வி. நானும் "ஃபைன், சேர்" என்றேன். என் அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே செத்துப்போனவர். சுகம் கேட்டால் சுகம் என்று சொல்லத்தான் நம்மை வளர்த்திருந்தார்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்வது மரியாதை இல்லை. தவிர, கோழி ஆறிக்கொண்டிருந்தது.

நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். நீ விடவில்லை. அன்றைக்கே அம்மாவுக்கு எயார்மெயில் எழுதினாய், ஒரு அமெரிக்க எம்.பி. உங்களைச் சுகம் கேட்டவர் என்று. அது ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒழுங்கை முழுக்கத் தெரிந்துபோயிற்று. "அந்தத் தம்பிக்கு என்ரை சுகத்தையும் சொல்லு. தாயை மதிக்கிற பிள்ளை, நல்லா வரும்" என்று அம்மா பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலை நீ என்ன செய்வது? சுகம் சொல்லச் சொன்னால் சொல்லத்தானே வேண்டும். கனடாக் குடியுரிமை கிடைத்து எல்லையைத் தாண்டலாம் என்று ஆனதும், அடுத்த அன்னையர் தினத்துக்கு நீ என்னை இழுத்துக்கொண்டு அந்தத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனாய். பிறகு வருடா வருடம் போனோம். கார் நான்தான் ஓடவேண்டும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்டை வைத்துப் பம்பரம் விடுவாய், ரோட்டில் கார் என்றால் உனக்குக் கால் நடுங்கும். டிரைவிங் ஸ்கூல் வைத்து ஸ்கார்பரோவில் பாதிச் சனத்துக்குக் கார் பழக்கிவிட்டவன் நான். உன்னை மட்டும் என்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்த முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் அவர் கேட்பார். நீ அம்மா சொன்ன சுகத்தைச் சொல்வாய். அவர் சிரிப்பார். ஐந்தாறு விநாடி. அதற்காகப் போகவர ஒரு நாள்.

அந்த நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். ஊரில் உன் அம்மா ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் பெயரில் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தார். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே. நீ அவருடைய பிரசாரத் துண்டிலிருந்து பிறந்த திகதியை எடுத்துப் பஞ்சாங்கம் பார்த்தாய். பிறந்த நேரம் தெரியாததால் ஆள் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் நின்றார். எதற்கு வம்பு என்று அம்மா இரண்டுக்கும் செய்வித்தார். தான் வெல்லவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் மோதகம் அவிந்த கதை அந்தக் கத்தோலிக்க வெள்ளைக்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

நான் உன்னைச் சீண்டுவேன். ஸ்கார்பரோவில் உன் தொகுதிக்கு எம்.பி. யார் என்று கேட்டால் விழிப்பாய். அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் விசயம் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அங்கே குழுவில் யார் கனகாலம் இருக்கிறாரோ அவருக்குத்தான் தலைவர் கதிரை, கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை, தோற்காமலும் சாகாமலும் இருந்தால் போதும் என்று எனக்குப் பாடம் எடுப்பாய். உன்னுடைய ஆள் வெளிநாட்டு விவகாரக் குழுவில் அடி வரிசையில் தொடங்கி ஒவ்வொரு கதிரையாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"இப்ப மேலை ரெண்டு கிழவர்தான் இருக்கினம். ஒராளுக்கு நெஞ்சு வருத்தம்."

"டேய், மனிசர் சாகிறதுக்கோ பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"நான் ஒண்டும் நேந்து வைக்கேல்லை. உள்ள நிலவரத்தைச் சொன்னனான்."

அவர் மோசமான ஆள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொகுதியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. மாட்டுப்பண்ணைக்காரர்கள் மாட்டை விற்றார்கள். அவர் ஒன்றையும் தடுக்கவில்லை, ஆனால் எல்லோருடைய செத்தவீட்டுக்கும் போனார். பால் விலைக்குப் பேசினார், பாலத்துக்குப் பேசினார். ஒருமுறை எங்கேயோ ஒரு நாட்டில் குண்டு போடுவதற்கு அவரும் கையை உயர்த்தினார். நான் அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டேன். உனக்கு முகம் விழுந்துவிட்டது. "கட்சி சொன்னா அவர் என்ன செய்யிறது? கதிரை வரட்டும். கதிரை வந்தா ஆள் வேறை" என்றாய். உனக்கு எல்லாம் அந்தக் கதிரையில்தான் இருந்தது.

அவர் எல்லோரிடமும்தான் தாயைக் கேட்கிறார் என்று நான் ஒருநாள் உடைத்தே சொன்னேன். திரும்பி வருகிற வழியில், ஹமில்ரனுக்குக் கிட்ட. நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதே? எனக்குப் பின்னாலை நிண்ட கிழவனிட்டையும் கேட்டவர். அந்தாளுக்கே எண்பது வயசிருக்கும்."

"பிறகென்னத்துக்கடா வருசா வருசம் காவடி எடுக்கிறாய்?"

"ஆர் மச்சான் என்ரை அம்மாவைப் பற்றிக் கேக்கினம்? வேலையிலை கேக்கினமோ? நீ கேக்கிறனியோ? அவர் ஆரிட்டை வேணுமெண்டாலும் கேக்கட்டும். என்னட்டையும் கேக்கிறார்தானே."



யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது அம்மாவும் தங்கச்சி குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். நீ கூப்பிட்டாய், வரமாட்டேன் என்றார். தங்கச்சியின் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து குளிருக்குள் என்ன செய்வது என்று கேட்டார். தொலைபேசி கிடைக்கிற நாட்களில் உன்னை விசாரித்த பிறகு அந்தத் தம்பியையும் விசாரிப்பார். தலைமயிர் நரைத்துவிட்டதோ, பிள்ளைகள் படிக்கினமோ. கடைசியில் அவருடைய கட்சி வென்று, மேலே இருந்த ஒருவர் ஓய்வெடுத்து, மற்றவர் காலமாகி, நம்முடைய நாடும் அடங்குகிற துணைக்குழுவுக்கு அவர் தலைவரானார். நீ லட்டுப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து நின்றாய். தெரியாத ஒரு அமெரிக்கன் தலைவரானதற்காக என் மனைவி லட்டுச் சாப்பிட்டாள். அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப எங்களுக்கும் ஒரு ஆள் இருக்கு" என்றாராம். அந்த வசனத்தை நீ எனக்குப் பல தடவை சொல்லிக் காட்டினாய்.

பிறகு சண்டையின் அந்தக் கடைசி வருடம் வந்தது. கிளிநொச்சி போயிற்று. சனம் கிழக்கே, கிழக்கே என்று ஒதுங்கிக் கடற்கரை மணலுக்கு வந்துவிட்டது. ரொறன்ரோவில் நாங்கள் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் நின்றோம். பனிக்குள் நின்றோம், மழைக்குள் நின்றோம். நீ வேலை முடிந்த கையோடு பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றாமலே வந்து நிற்பாய். மத்தியான இடைவேளையில் உன் ஆளுடைய வாஷிங்டன் அலுவலகத்துக்கு அடிப்பாய். தொலைபேசியை எடுக்கிற பிள்ளை முதலில் தபால் குறியீட்டைக் கேட்பாள். நீ பொய் சொல்லத் தெரியாமல் ஸ்கார்பரோக் குறியீட்டை எழுத்தும் இலக்கமுமாகச் சொல்வாய். இது எங்கள் தொகுதி இல்லையே, உங்கள் நாட்டுப் பிரதிநிதியிடம் பேசுங்கள் என்று மரியாதையாக வைத்துவிடுவாள்.

"தேவாலயத்துக் குறியீட்டைச் சொல்லன்ரா" என்றேன்.

"அதெப்பிடி? அங்கை நான் இப்ப இல்லையே."

ஏப்பிரல் கடைசியில் அம்மா கதைத்தார். யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். நீ அதை எனக்கு அன்றைக்கே சொன்னாய், ஒரு சொல் மாறாமல். "பங்கருக்குள்ளைதான் இருக்கிறம். பிள்ளையள் பசி கிடக்குதுகள். நீ ஒருக்கா அந்தத் தம்பியிட்டைச் சொல்லு. அவருக்குத் தெரிஞ்சா விடமாட்டார்." பின்னாலே சத்தம் கேட்டதாம். அதோடு கட்டாகிவிட்டது.

சொல்வதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அன்னையர் தினம் வந்தது. விடிய வெளிக்கிட்டோம். வழி முழுக்க நீ சொல்லவேண்டியதைப் பழகினாய். அவருக்கு முன்னால் கிடைக்கப்போவது ஐந்தாறு விநாடி, அதற்குள் அடங்கவேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைப்போல, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பேன். நீ சொல்வாய்: "நலமாக இல்லை, சேர். கடற்கரையில் பங்கருக்குள் இருக்கிறார், செல் விழுந்துகொண்டிருக்கிறது. நீங்கள் தலைவர், உங்களால் நிறுத்த முடியும்." முதலில் தடுமாறினாய். வாகனத்துக்குள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகாரடிக்கிற மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகி, எல்லைப் பாலத்துக்கு வரும்போது நன்றாகவே வந்துவிட்டது. "இப்பிடிச் சொன்னா அவர் கேக்கிறதுக்கு நிப்பார், என்ன?" என்று கேட்டாய். "நிப்பார்" என்றேன்.

அதே சீமெந்துக் கல், அதே புகை. அவர் நரைத்து, கொஞ்சம் கூனிப் போயிருந்தார். பக்கத்தில் உதவியாளப் பெண் ஒருத்தி. வரிசை நகர்ந்தது. உனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்காரி. குழந்தையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நிமிர்ந்தவர் உன்னைக் கண்டார். முகம் மலர்ந்தது. நடிப்பு என்று சொல்லமாட்டேன். "கனடாவிலிருந்து என் நண்பர்!" என்று உன் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். "அம்மா எப்படி இருக்கிறார்?"

நீ சொன்னாய், "ஃபைன், சேர். தாங்க் யூ."

நான் உனக்குப் பின்னால் நின்றேன். உன் பிடரியைத்தான் பார்த்தேன். எல்லா வருடமும் சொன்ன வாய், கேட்டதும் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு பெரிய மனிதர் கையைப் பிடித்துச் சுகம் கேட்கும்போது சுகமில்லை என்று சொல்ல உன் நாக்கு ஒருபோதும் பழகவில்லை. ஒரு காலைப் பொழுதில் பழக்க முடியுமா? அவர், "நான் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்றார். கையை விட்டார். நீ அங்கேயே நின்றாய். உதவியாளப் பெண் உன் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கினாள்.

என் முறை வந்தது. "உங்கள் அம்மா?" என்று கேட்டார். நான் சொன்னேன். எனக்கு அம்மா இல்லை, இவனுடைய அம்மா நலமாக இல்லை, இவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவர் இலங்கையில் கடற்கரையில் பங்கருக்குள் கிடக்கிறார், அவர் மேலே குண்டு விழுகிறது, நீங்கள் குழுத் தலைவர் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை. சிரிப்பு போயிற்று. "முல்லைத்தீவு" என்றார். நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, மச்சான். அவரே சொன்னார், ஓரளவு திருத்தமாகவே சொன்னார். "பயங்கரமான விசயம். நாங்கள் மிகவும் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற கிழவியிடம் திரும்பினார்.

திரும்பி வரும்போது இதை அப்படியே உனக்குச் சொன்னேன். நான் சொல்லிவிட்டேன், அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும், நீ சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்றேன். நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நீ சொன்னது வேறை. அவர் கேட்டது என்னட்டை."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? ஆர் சொன்னாலென்ன?"

"இல்லை. தாய்க்காரியின்ரை பிள்ளை சொல்லவேணும். பிள்ளையே சுகம் எண்டு சொன்னா அவர் ஏன் மினக்கெடுவார்?"

ரொறன்ரோவுக்குக் கிட்ட வரும்போது தமிழ் ரேடியோவில் சொன்னார்கள், நகரத்துக்குள் போகிற நெடுஞ்சாலையில் நம்முடைய சனம் ஏறிக் குந்திவிட்டது, பிள்ளைகுட்டிகளோடு, போக்குவரத்து எல்லாம் நின்றுவிட்டது என்று. நான் வடக்கே சுற்றிப் போனேன்.  உன்னை இறக்கிவிட்டபோது கதவைத் திறந்துகொண்டு, "அங்கை சனத்தோடை நிண்டிருக்கலாம்" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த கிழமையோடு எல்லாம் முடிந்தது. மே மாதத்து நீண்ட விடுமுறை. இந்த நாட்டில் அன்றைக்கு வாணவேடிக்கை விடுவார்கள். கடைசித் துண்டு மணலும் போயிற்று என்று செய்தி வந்த பின்னேரம் நான் உன் அப்பார்ட்மெண்டுக்கு வந்தேன். கீழே பூங்காவில் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நீ காதைப் பொத்தவில்லை, கண்ணைத்தான் மூடினாய்.

கனநாளுக்குப் பிறகு முகாமிலிருந்து தங்கச்சி எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அம்மா வரவில்லை. பங்கரை விட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர். திரும்பிப் போய்த் தேட விடவில்லை. அவள் சொன்ன கடைசி விசயத்தைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. "அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவா. அண்ணா இதுக்குள்ளை அவரிட்டைச் சொல்லியிருப்பான், பயப்பிடாதேங்கோ எண்டு பிள்ளையளுக்குச் சொன்னவா. அண்ணா, நீங்கள் அவரோடை கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்" என்றாய். அதுவும் பொய் இல்லைதானே.

அடுத்த மாதம் உன் ஆள் நாடாளுமன்றத்தில் ஒரு நிமிடம் பேசினார். இரு தரப்பும், கவலை, நல்லிணக்கம். நீ பார்த்தாய். கமரா அவரை மட்டும்தான் காட்டியது. அவருக்குப் பின்னால் தெரிந்த கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பிறகும் அவர் வென்றார், வென்றார், தொகுதியின் எல்லையை மாற்றி வரைந்ததும் ஓய்வெடுத்தார். நீ தீயணைப்பு நிலையத்துக்கு மறுபடி போகவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அடுத்த நாள் வேலையிடத்திலிருந்து எடுத்து, "ஆள் வந்திட்டார்" என்பாய். நான் "ஓம்" என்பேன். அவர் மேல் ஒரு நாளும் கோபப்பட்டு நீ கதைத்ததில்லை. என்னாலைதான், நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்று உன்னைத்தான் தின்றாய். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் தெரியுமடா, ஊரின் பெயர்கூடத் தெரியுமடா என்றேன். நீ கேட்கவே மாட்டாய். நான் சொல்லச் சொல்ல நீ வெருண்டு போனாய். உன்னிடமிருந்து எதையோ பிடுங்குகிறேன் என்பதுபோலப் பார்ப்பாய்.

எனக்கு அது விளங்க நீ சாகவேண்டியிருந்தது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. பிழை உன்னுடையது என்றால், சரியாகச் சொல்லியிருந்தால் நடந்திருக்கும் என்று ஆகும். ஒருவர் இருந்தார், அவர் காதில் போடத்தான் தவறிவிட்டோம் என்று ஆகும். பழியை உன் தலையில் போட்டுக்கொண்டு அந்த ஒருவரைக் காப்பாற்றி வைத்திருந்தாய். நான் மடையன், ஆறுதல் என்று நினைத்து அதைத்தான் உன்னிடமிருந்து பறிக்கப் பார்த்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தங்கச்சியின் மகன் லொறியோடு வெளியூர் போயிருந்தான். அவளும் நானும் மட்டும்தான். அந்தத் தம்பி செத்துப்போனார் என்று சொன்னேன்.  பிறகு கேட்டாள்.

"அண்ணை, நீங்கள்தானே கூடப் போனனீங்கள். அண்ணா அண்டைக்கு அவரிட்டை உண்மையிலை சொன்னவரோ? கதைச்சனான் எண்டு மட்டும்தான் எனக்குச் சொன்னவர். அதுக்கு மேலை கேட்டா வேறை கதைக்குப் போயிடுவார்."

உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணனால்தான் அம்மா போனார் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"சொன்னவன், பிள்ளை. நான் பக்கத்திலை நிண்டனான். அம்மா பங்கருக்குள்ளை இருக்கிறா, உங்களாலை நிப்பாட்டேலும் எண்டு கையைப் பிடிச்சுச் சொன்னவன்."

"அந்தாள் கேட்டதோ?"

"நல்லாக் கேட்டது. முல்லைத்தீவு எண்டு பேர்கூடச் சொன்னது."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள்.

"நான் இவ்வளவு காலமும் அண்ணா சொல்லேல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான், அண்ணை. அவருக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டைக் கேக்க வாய் வராது, சின்னனிலையிருந்தே அப்பிடித்தான். அதுக்காக நான் அவரிலை ஒருநாளும் கோவிக்கேல்லை. சொல்லேல்லை, அதாலை ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு, தெரிஞ்சிருந்தா வந்திருப்பினம் எண்டு மனதை ஆத்திப்போட்டு இருந்தன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் வரேல்லை எண்டா, அங்கை கிடந்த சனம் முழுக்க ஆரை அண்ணை பாத்துக்கொண்டு கிடந்தது?"

 இப்போது என்ன சொல்ல முடியும்? இல்லை பிள்ளை, நான் பொய் சொன்னேன், அண்ணன் ஃபைன் என்றுதான் சொன்னவன் என்றா? சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த ஆறுதல் திரும்பிக் கிடைத்திருக்கும், உன் பேரில் பழி விழுந்திருக்கும். நீ இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டாய். "என்னாலைதான் பிள்ளை, நான் சொல்லேல்லை" என்று அவள் முன்னால் போய் நின்றிருப்பாய். அவள் அழுதிருப்பாள், உன்னை மன்னித்திருப்பாள், இரண்டு பேரும் அந்த ஆறுதலோடு காலத்தை ஓட்டியிருப்பீர்கள். என்னால் அது ஏலவில்லை. நீ சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன், மச்சான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டார், ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று என்று நான் எப்படிச் சொல்வது?